பட்டினி கிடந்து பெருத்த பெட்டி

அத்தியாயம் 6

பெட்டி பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு அலமாரியின் மேல்தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பெண்மணி அழுதுகொண்டிருந்தார்.

"நாற்பத்தொரு நாள்," என்றார். "தினமும் மத்தியானம் ஒண்ணேகாலுக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கெல்லாம் ஒரு காப்பி இதுக்குள்ள தானா வந்து சேரணும். நாற்பத்தொரு நாளா ஒண்ணுமே வரலை. எனக்கே போன வாரம்தான் தெரியும்."

மேடம் பெட்டியின் முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தார். மேடம் என்றால் என் முதலாளி. பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த குடோன்களைச் சுற்றி வந்து, பற்றவைத்தது யார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். வாய் மூடுவதில்லை என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார். அணைக்கிற பொத்தானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அழுதுகொண்டிருந்தவர் தையலுக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம், வரைந்து கொடுப்பவர். நாற்பதைத் தாண்டிய வயது. தையல்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், கூரியர் கொண்டு வருகிறவர் என்று எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் அவர் வீட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்து நிற்காமல், இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல், தாங்களே போட்டுக்கொள்ளும்படி ஒரு கால்சட்டை. பக்கவாட்டில் திறந்து மூடும். உட்காருகிற இடத்தில் தையலே கிடையாது. அதன் பேட்டர்ன் இந்த வீட்டில் வரைந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இங்கே வேலை பார்த்த கட்டிங் மாஸ்டர் ஒரு பெரிய ஆடை நிறுவனத்துக்குத் தாவினார். அடுத்த வாரமே அந்த நிறுவனம் அதே கால்சட்டையைத் தன்னுடைய டிசைன் என்று பதிவு செய்ய மனுப் போட்டது. அக்காவும் போட்டார். நாளைக் காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் விசாரணை. யார் முதலில் வரைந்தது என்று காட்டத் தேதியோடு மூல வரைபடம் வேண்டும். அது இருந்த கம்ப்யூட்டர் ஒன்பது நாளைக்கு முன்னால் டிஸ்க் போய்ச் செத்துவிட்டது.

"ரிப்பேர்?" என்றார் மேடம்.

"தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. சரி, பெட்டியில காப்பி இருக்கேன்னு தைரியமா இருந்தேன்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன, அவர்தான். ஆறு வருஷம் இந்த வீட்டுல ஒரு ஆளா இருந்தார். காப்பி சேராம முதல்ல நிறுத்திட்டு, அப்புறம் டிசைனைத் தூக்கிட்டுப் போயிருக்கார். எப்படி நம்பினேன் தெரியுமா அந்த மனுஷனை." மறுபடியும் முந்தானை கண்ணுக்குப் போனது. முகம் தெரியாத அந்த மாஸ்டரை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன்.

முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். தோள்பட்டைத் துணியில் வரிசையாக நாலு குண்டூசி குத்தியிருந்தது.

"என் தங்கச்சி," என்றார் அக்கா. "என்கூடத்தான் இருக்கா."

தங்கச்சி தலையாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

மேடம் வேலையை ஆரம்பித்தார். "கேபிள்?"

"ரெண்டு பக்கமும் நல்லா கடிச்சிட்டு இருக்கு மேடம்."

"பெட்டிக்குள்ள இடம்?"

"பாதிக்கு மேல காலி. நம்ம ஆபீஸ் மாதிரி இல்ல, காத்தோட்டமா இருக்கு."

"விளக்கு இத்தனை நாளும் பச்சையாவே எரிஞ்சுதா?" மேடம் அக்காவிடம் கேட்டார்.

"எரிஞ்சுதே. அதனாலதான் நான் கவலைப்படவே இல்ல."

"கரண்ட் வந்தா பச்சை எரியும்மா. வேலை நடக்குதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. சரி, காப்பி போகலைன்னா கம்ப்யூட்டர் தினமும் ஒரு அறிவிப்பு காட்டியிருக்கணுமே."

"அப்படி ஒண்ணும் வந்ததில்லையே."

"மறுபடி காட்டாதேன்னு யாரோ அதுல டிக் அடிச்சிருக்காங்க," என்று மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார். "பெட்டிக்குள்ள போ."

என் லேப்டாப்பை நெட்வொர்க்கில் சேர்த்தேன். பெட்டி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கணக்கின் பெயர் தமிழிலேயே 'அக்கா' என்று இருந்தது. பாஸ்வேர்டை அக்கா போனில் பார்த்துச் சொன்னார். நான் அடித்தேன். அனுமதி இல்லை என்றது.

"பாஸ்வேர்டை மாத்திட்டாங்க மேடம். கேஸ் சூடு பிடிக்குது."

மேடம் என் தோள்மேல் எட்டிப் பார்த்தார். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ahhq என்று இருந்தது.

"என்னடா இது, பெருமூச்சா?"

நான் அசடு வழிந்தேன். கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றாமலே அடித்திருந்தேன். எங்கள் அறிக்கைகளை எல்லாம் தமிழ் விசைப்பலகையில்தான் அடிக்கிறேன். அதில் அக்காவுக்கு நாலு தட்டு. மாற்ற மறந்தால் அதே நாலு தட்டுக்குத் திரையில் வருவது ahhq. மாற்றிவிட்டு மறுபடி அடித்தேன். பாஸ்வேர்டு பழையதுதான். பெட்டி திறந்துவிட்டது.

"சூடு ஆறிடுச்சா?" என்றார் மேடம்.

உள்ளே போனதும் முதல் முடிச்சு உடனே அவிழ்ந்தது. காப்பி சேரும் ஃபோல்டரில் அக்காவின் கணக்குக்குப் படிக்க மட்டும் அனுமதி இருந்தது. எழுத அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் தினமும் ஒண்ணேகாலுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கிறது, பெட்டி தினமும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அனுமதியை மாற்றிய நாள் போன மாதம் பத்தாம் தேதி. நேரம் மாலை நாலு பத்து. மாற்றியது அக்கா என்கிற கணக்கு.

"நான் இல்ல," என்றார் அக்கா. "எனக்கு இதெல்லாம் எங்க இருக்குன்னே தெரியாது. நாலு மணிக்கு நான் எப்பவும் கடைகளுக்குப் போயிடுவேன். மாஸ்டர் இங்க இருப்பார்."

மேடம் கேட்டுக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. திரையில் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நாள்வாரியாகக் காட்டும் கோடு.

"ரேடியோ, நாற்பத்தொரு நாளா பெட்டிக்கு ஒண்ணும் வரலைதானே?"

"கொலைப் பட்டினி மேடம்."

"அப்புறம் எப்படி எடை ஏறியிருக்கு?"

நான் பார்த்தேன். பத்தாம் தேதிக்குப் பிறகும் கோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் ஏறுவது நின்று, படுத்துவிட்டது.

"கம்ப்யூட்டர் செத்த அன்னிக்கு நின்னிருக்கு," என்றேன். குறும்பு எதுவும் தோன்றவில்லை.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்தான் கடைசி வரைக்கும் ஊட்டியிருக்கு. வேற வாய் வழியா."

அந்த வாயைக் கண்டுபிடிக்க மூன்று நிமிடம் ஆனது. பெட்டியில் பதினேழு ஃபோல்டர். பதினாறு, பெயருக்கு ஏற்றபடி இருந்தன. 'பழைய அளவுகள்' என்ற ஒன்றுக்கு மட்டும் பூட்டு. பத்தாம் தேதி மாலை நாலு பதினாறுக்குப் போட்ட பூட்டு. பிறகு தினமும் ஒண்ணேகாலுக்கு அதற்குள் ஏதோ போயிருக்கிறது.

"அது ஆறு வருஷத்துக்கு முந்தின குப்பை," என்றார் அக்கா. "அதை யாரும் தொடறதே இல்ல."

"தொடாத இடத்துலதான் வச்சிருக்காங்க. உங்க கால்சட்டை இதுக்குள்ளதான் இருக்கணும்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப இருக்கா? போகலையா?"

"இருக்கு. அழிக்கறதுக்கு ஒரு நொடி போதும். அழிக்காம, தினமும் பத்திரமா சேர்த்து வச்சிருக்காங்க. விரோதி இப்படிச் செய்ய மாட்டாம்மா." மேடம் என் பக்கம் திரும்பினார். "உள்ள வந்தவங்க பட்டியலைக் காட்டு."

பெட்டி ஒவ்வொரு நுழைவையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. கடைசி வரியில் இன்றைய என் அவமானம். பெயர் ahhq, அனுமதி இல்லை.

"அதை விட்டுடுங்க மேடம். அது நான்தான்னு தெரியுமே."

"இது நீ. அது யாரு?"

அவர் விரல் வைத்த இடம் போன மாதம் பத்தாம் தேதி. மாலை நாலு எட்டு. பெயர் ahhq, அனுமதி இல்லை. இருபது நொடி கழித்து, பெயர் அக்கா, அனுமதி உண்டு.

"நாற்பத்தொரு நாளைக்கு முன்னாடியும் நீ இங்க வந்தியா ரேடியோ?"

பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் குரலைத் தாழ்த்தி அக்காவைக் கேட்டார். "நீங்க தமிழ்ல எப்படி அடிப்பீங்க?"

"போன்லதான். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா வருமே, அப்படி."

"அப்ப அக்காவுக்கு நீங்க akkaன்னுதான் அடிப்பீங்க. இந்த ahhq உங்க விரல்ல இருந்து வராது. தமிழ் விசைப்பலகையில அடிச்சுப் பழகின விரல்ல இருந்துதான் வரும். மாஸ்டர் எப்படி அடிப்பார்?"

"அவர் எங்க அடிக்கறார். எல்லாத்தையும் வாயால பேசித்தான் அனுப்புவார். ஆனா என்னை அக்கான்னுதான் கூப்பிடுவார்."

"ஊரே கூப்பிடுதும்மா. கூப்பிடற வாய் எனக்கு வேண்டாம், தட்டற விரல் வேணும். பெட்டியை மாட்டிக் கொடுத்தவர்?"

"அந்தக் கம்ப்யூட்டர்காரருக்குத் தமிழ் அடிக்கவே தெரியாது. கணக்குக்கு என்ன பேரு வைக்கன்னு கேட்டார். அக்கான்னே வச்சிடலாம்னு சிரிச்சிக்கிட்டே என் தங்கச்சிதான் உட்கார்ந்து அடிச்சா. பேட்டர்ன்ல முன்பக்கம், பின்பக்கம், மடிப்புன்னு தையல்காரங்களுக்குத் தமிழ்ல எழுதறது எல்லாம் இவதானே. பார்க்காமலே..."

அவர் நிறுத்திவிட்டார். கை நாற்காலியின் முதுகைத் தேடியது. நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன், அவர் உட்காரவில்லை.

"இல்ல," என்றார். "அவ இல்ல. அவளுக்கு ஒன்பது வயசுல இருந்து நான்தான் எல்லாம்."

மெஷின் நின்றிருந்தது. தங்கச்சி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நான்தான்," என்றாள்.

அக்கா அவளை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "ஒன்பது நாளா நான் சாப்பிடாம அழுதுட்டு இருந்தேனே. நீ பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தியேடி. அப்பக்கூட உனக்கு வாய் வரலையா? என் கழுத்தை அறுத்துட்டு நீயே தண்ணி கொண்டாந்து கொடுத்திருக்கியே."

எனக்குத் தங்கச்சிமேல் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டரிடமாவது ஓடிப் போகிற நேர்மை இருந்தது. இவள் கூடவே இருந்து குழி பறித்துவிட்டு எங்களுக்கு டீ கொண்டுவந்திருக்கிறாள். அந்த டீயைக் குடித்ததற்கே எனக்குக் கோபம்.

மேடத்துக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. மேஜைமேல் கிடந்த ஒரு பளபளப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இந்த வீட்டுப் பேட்டர்ன்களின் கேட்லாக். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது அச்சாகி வந்த தேதி ஒன்பது. பெட்டி பட்டினி கிடக்க ஆரம்பிச்சது பத்து." பிறகு தங்கச்சியைப் பார்த்தார். "இதுல பதினாலு பேட்டர்ன் இருக்கு. வடிவமைப்புன்னு ஒரே ஒரு பேரு. நீங்க வரைஞ்சது எத்தனை?"

தங்கச்சி தோளிலிருந்த ஒரு குண்டூசியைப் பிடுங்கி மறுபடி குத்தினாள்.

"ஒன்பது," என்றாள் தங்கச்சி.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கேட்லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இல்லாத அந்தக் கால்சட்டை?"

"அதுவும்."

"யோசனை என்னுது," என்றார் அக்கா சட்டென்று. "கடைக்கு வந்த ஒருத்தர் போட்டுப் பார்க்கற ரூம்ல கஷ்டப்பட்டதைப் பார்த்துட்டு வந்து நான்தான் சொன்னேன். வரைஞ்சது மட்டும்தான் அவ."

"மட்டும்தான்," என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

தங்கச்சி உள்ளே வந்து என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. பூட்டிய ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு அடித்தாள். விசைகளைப் பார்க்கவே இல்லை. முப்பத்திரண்டு நாள், முப்பத்திரண்டு காப்பி. கால்சட்டையின் முதல் கிறுக்கல் தொடங்கி, பக்கத் திறப்பு நாலு தடவை இடம் மாறி, கடைசி அளவு வரை எல்லாம் தேதியோடு இருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் வரைந்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய பெயர்.

"முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தாளையும் அவ பேருல திறந்துதான் வரைவேன்," என்றாள் மேடத்திடம். "தினமும் நான் வரைஞ்சதைக் கம்ப்யூட்டர் கொண்டு போய் அவ பேருல சேர்த்துட்டே இருந்துச்சு. எனக்கு அது தப்பாவே படலை. கேட்லாக் வந்தப்ப ஓடிப் போய்த் திறந்தேன், எந்த மூலையிலயாவது என் பேரு இருக்கும்னு. அடுத்த நாள்ல இருந்து என் பேருல திறந்தேன், தனியாச் சேர்த்தேன். அவ ஃபோல்டர்லயும் போய்ச் சேர்ந்தா, இதுவும் அவளோடதுன்னு ஆயிடும்னு அதை நிறுத்தினேன். அவ்வளவுதான். அவளோடதுல ஒண்ணைக்கூட நான் தொடலை."

"கம்ப்யூட்டர் போனதும் சொல்லியிருக்கலாமே," என்றேன் நான். என் குரலில் பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது.

"சொல்லத்தான் வந்தேன். அவ பதிவு மனு எழுதிட்டு இருந்தா. வரைந்தவர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. பேனாவைக்கூட நிறுத்தாம அவ பேரை எழுதினா. அந்த இடத்துக்கு வர்றப்பவாவது என் முகத்தைப் பார்ப்பான்னு பக்கத்துலயே நின்னேன். துப்பறியறவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா, ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

மெஷின் சத்தம் இல்லாத வீடு சங்கடமாக இருந்தது. அவள் எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

அக்கா என் லேப்டாப்புக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாகத் தள்ளிப் பார்த்தார். கண்ணீர் காய்ந்திருந்தது. இப்போது கூப்பிடுவார், கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாங்கள் கிளம்பிவிடலாம் என்று காத்திருந்தேன். காலையிலிருந்து அவருக்காக உருகியது கொஞ்ச நஞ்சமில்லை. அந்த உருக்கத்துக்காவது அவர் அதைச் செய்திருக்கலாம்.

அவர் மேடம் பக்கம் குனிந்தார். சமையலறைக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"இந்த மூலையில இருக்கற பேரு. அதை மட்டும் மாத்த முடியுமா?"

மேடம் அவரையே பார்த்தார். எரிந்த குடோன்களின் சொந்தக்காரர்களை அப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"முடியும். அஞ்சு நிமிஷ வேலை. நான் செய்ய மாட்டேன். இவனையும் செய்ய விட மாட்டேன்."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும். அந்தக் கம்பெனிக்காரங்க ஜெயிச்சிடக் கூடாதுன்னுதான் கேக்கறேன். அவ என் தங்கச்சி, தப்பா எடுத்துக்க மாட்டா."

குழாய்ச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பியபோது அவள் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு நான் தரையைப் பார்த்தேன்.

அவள் வந்து மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "எல்லாத்தையும் இதுல போட்டுத் தாங்க. தேதி மாறாம."

போட ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு நாள் மெதுவாக ஏறியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"பதிவு ஆபீசுக்கு. நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் போறேன்."

"நீயா? அங்க போய் நீ என்ன பண்ணுவே?"

"யார் வரைஞ்சதுன்னு கேப்பாங்கல்லக்கா," என்றாள். "அவங்களாவது கேக்கட்டும்."